பட்டியலில் பெயர் இருக்க யார் பொறுப்பு?

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் படிவத்தைத் திருப்பித் தர 2025 டிசம்பர் 14 கடைசி நாளாக இருந்தது. 4, 11 என இருமுறை தள்ளிப்போன தேதி இது. கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் படிவத்தின் ஒரே கட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றன: 2002 அல்லது 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதி, எந்தப் பாகம், என்ன வரிசை எண்?

அப்போது கள்ளக்குறிச்சி மாவட்டமே கிடையாது. விழுப்புரம் என்றுதான் தேட வேண்டியிருந்தது. தொகுதி எல்லைகளும் 2008இல் மாறிவிட்டன. இந்தத் திருத்தத்துக்குத் தேர்தல் ஆணையம் வைத்த பெயர் 'தூய்மைப்படுத்தல்'. நடைமுறையில், நிரூபிக்கும் சுமை வாக்காளர் தலையில் ஏறியது.

நாட்டின் முதல் பட்டியல் வேறு வழியில் தயாரானது. 1948 மார்ச். அரசியல் சட்டம் வரவில்லை. யார் குடிமகன் என்பதே முடிவாகவில்லை. காஷ்மீரில் போர், ஹைதராபாத் நிஜாம் கையில், தென்னார்க்காட்டை ஒட்டிய புதுச்சேரி பிரெஞ்சுக்காரரிடம். பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்தபடி இருந்தார்கள். பட்டியலில் சேர ஓராண்டில் 180 நாளாவது அந்த ஊரில் வசித்திருக்க வேண்டும் என்றது அரசியல் நிர்ணய சபைச் செயலகம். நேற்று ரயிலில் வந்து இறங்கியவர் 180 நாளுக்கு எங்கே போவார்? அதற்கும் வழி வைத்தார்கள். 'இந்த ஊரிலேயே நிலையாக இருக்கப்போகிறேன்' என்று அகதி அறிவித்தால் போதும். எத்தனை நாள் இருந்தார் என்று பார்க்காமல் பெயரைச் சேர்க்க வேண்டும். சில மாகாணங்களில் அதிகாரிகள் முரண்டுபிடித்தார்கள். அகதிச் சங்கங்கள் விடாமல் மனுப் போட்டன.

எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. சொந்தப் பெயரைச் சொல்லாமல் 'இன்னார் மனைவி' என்றே பதிந்துகொண்ட சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். ஆனாலும் சந்தேகம் வந்தால் சேர்த்துவிடு என்பதுதான் அன்றைய சாய்வு. இன்று அது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது.

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்:

முதல் தேர்தலில் காஷ்மீர் ஓட்டுப் போட்டதா? இல்லை, மக்களவைக்கு 6 பேர் நியமனம், நேரடித் தேர்தல் 1967இல்தான்.

புதுச்சேரி? 1951இல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது.

மகன் வெளிமாநிலத்தில் வேலையில் இருக்கிறான்? வீட்டில் வயதுவந்த ஒருவர் கையெழுத்திட முடிந்தது.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் விஷச்சாராயத்தால் இறந்தவர்களின் பெயர்? நீக்குவது முறை, அதே வீட்டில் பிழைத்திருப்பவர் பெயரும் சேர்ந்து போய்விடக் கூடாது.

பழைய பட்டியலில் பெயரே இல்லை? அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, கையெழுத்திட்டுக் கொடுக்க முடிந்தது. பிறகு நோட்டீஸ் வர வாய்ப்பு இருந்தது.

டிசம்பர் 19ஆம் தேதி வந்த வரைவுப் பட்டியலில் பெயர் இல்லாவிட்டால்? பெயர் சேர்க்கப் படிவம் 6.