11 பேர், இரண்டரை நிமிடங்கள்

நான் உயர்நிலை மூன்றுக்குப் போன ஆண்டின் முதல் பயிற்சியன்று, பள்ளி மண்டபத்தில் மெத்தைகளை விரித்து முடிக்கவே வழக்கத்தைவிட இருமடங்கு நேரம் பிடித்தது. முந்தைய ஆண்டு எங்கள் சியர்லீடிங் குழுவில் 22 பேர். அன்று வந்தது 11 பேர். உயர்நிலை நான்கு அக்காமார் பள்ளியை முடித்துச் சென்றிருந்தனர். வேறு சிலர் இன்னோர் இணைப்பாட நடவடிக்கைக்கு மாறியிருந்தனர்.

எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. “ஐபிஎல் கிரிக்கெட்டுல ஆடுறாங்களே, அந்த டான்ஸா?” என்றுதான் என் பாட்டியும் கேட்டார். நான் கைப்பேசியில் ஒரு போட்டிக் காணொளியைக் காட்டினேன். ஒரு பெண் மேலே வீசப்பட்டு, சுழன்று, கைகளில் வந்து விழுந்ததும் பாட்டி கண்களை மூடிக்கொண்டார்.

1898ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், அமெரிக்கக் காற்பந்து ஆட்டத்தில் கூட்டத்தைச் சேர்ந்து முழக்கமிட வைத்த ஜானி கேம்பல் என்ற மாணவரிடமிருந்து தொடங்கியது இக்கலை. ஆரம்பத்தில் இதில் இருந்தவர்கள் ஆண்களே. இன்று இது தனி விளையாட்டு. அனைத்துலக சியர் சங்கத்துக்கு அனைத்துலக ஒலிம்பிக் மன்றம் 2021ல் முழு அங்கீகாரம் வழங்கியது. போட்டியில் இரண்டரை நிமிடங்களுக்குள் ஆளைத் தூக்குவது, மனிதக் கோபுரம், குட்டிக்கரணம், நடனம் என அனைத்தையும் செய்தாக வேண்டும். யாராவது விழுந்தால் புள்ளிகள் குறையும்.

ஒருவரைத் தூக்கப் பொதுவாக நால்வர் வேண்டும். கீழே தாங்க இரண்டு ‘பேஸ்’, பின்னால் நின்று பிடிக்க ஒருவர், மேலே ‘ஃபிளையர்’. 22 பேர் இருந்தால் ஐந்து அணிகள் அமைக்கலாம். 11 பேரை வைத்து இரண்டுதான் முடியும்; மூவர் மிஞ்சுவர்.

ஆட்டத்தை எளிமையாக்கலாம் என்றார் பயிற்றுநர். நான்தான் மறுத்தேன். அப்போது நான் குழுத் தலைவி. முந்தைய ஆண்டின் ஆட்டத்தையே செய்து காட்ட வேண்டும், எங்களை விட்டுப் போனவர்கள் பார்க்க வேண்டும் என்ற வீம்பு எனக்கு. “ஒருமுறை முயற்சி செய்து பார்ப்போம்” என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கினேன்.

மூன்றாவது வாரம், எங்கள் கைகள் தலைக்கு மேல் நீண்டிருந்தபோது ஃபிளையரின் கால் நழுவியது. பின்னால் நின்றவர் அவளது தோள்களைப் பிடித்துவிட்டார். அவள் முழங்கை பட்டு என் உதடு கிழிந்தது. அவளுக்குக் காயமில்லை. ஆனால் அடுத்த இரண்டு பயிற்சிகளுக்கும் அவள் வரவில்லை.

அவள் உயர்நிலை இரண்டு மாணவி. இடைவேளையில் அவளைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். விழுந்தது பெரிதில்லை என்றாள். பயமாக இருக்கிறது என்று அன்று இரண்டு முறை சொன்னாளாம். யாரும் காதில் வாங்கவில்லையாம். எனக்குச் சுருக்கென்றது. முதல் முறை அவள் சொன்னது என் காதில் விழுந்தது. கேட்காததுபோல் எண்ணத் தொடங்கியவள் நான்தான்.

அன்று மாலை பதவியை விட்டுவிடுவதாகப் பயிற்றுநரிடம் சொன்னேன். “முதலில் ஆட்டத்தை மாற்றிவிட்டு வா, பிறகு பேசலாம்” என்றார்.

மாற்றினோம். தூக்கும் உயரத்தைத் தோள்மட்டத்துக்குக் குறைத்தோம். மிஞ்சிய மூவரும் முன்வரிசையில் குட்டிக்கரணம் அடித்தனர். பயிற்சியில் அவர்களே கூடுதல் காவலாக நின்றனர். யார் “இறக்கு” என்றாலும் காரணம் கேட்காமல் இறக்கிவிட வேண்டும் என்று விதி வைத்தோம். முதல் வாரம் அந்தச் சொல் ஓயாமல் ஒலித்தது. போகப் போகக் குறைந்தது. ஃபிளையர் திரும்பி வந்தாள்.

போட்டியில் எங்களுக்குக் கடைசிக்கு முந்தைய இடம். மற்ற குழுக்களின் கோபுரங்களைப் பார்த்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் எங்களில் ஒருவரும் விழவில்லை. இசை நின்றதும் ஃபிளையர் என் தோளில் கையூன்றி இறங்கி, “அக்கா, இன்னொரு முறை செய்யலாமா?” என்றாள். மேடையை விட்டு இறங்கும்போது 11 பேருமே சிரித்துக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தைய ஆண்டு பரிசு வாங்கியபோதுகூட நாங்கள் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

மறு ஆண்டு குழுவில் 14 பேர் இருந்தோம். பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை.

இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கிறேன். இங்கும் நான் பேஸ்தான். உங்கள் குழுவும் ஆள் குறைந்து தடுமாறினால், போனவர்களை நினைத்துக் கோபப்பட்டு என்னைப்போல் நாள்களை வீணாக்காதீர்கள். இருப்பவர்களை எண்ணுங்கள், அவர்களால் நன்றாகச் செய்ய முடிந்ததைச் செய்யுங்கள். முக்கியமாக, குழுவில் ஆக இளையவர் மெல்லிய குரலில் ஏதாவது சொன்னால், எண்ணுவதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.