களுபோவில மாடி வீடும் 'நம்மட ஆளும்'

களுபோவிலயில் ஒற்றை வீடு இருந்த வளவுகளில் இன்று தொடர்மாடிகள் எழும்புகின்றன. நம் வியாபாரிகள் சிலர் கடை முதலையே இதில் போடுகின்றார்கள். "மாநகர சபையில் நம்மட ஆள் இருக்கிறார்" என்று கட்டுபவர் சொன்னால் போதும், முற்பணம் கைமாறிவிடும்.

2018இல் தெரிவான தெஹிவளை-கல்கிஸ்ஸை மாநகர சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லை. அப்போது அந்த 'ஆள்' எங்கே போனார்?

2023ஆம் ஆண்டு 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டப்படி, முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் நன்கொடைக் கணக்குக் கொடுக்க வேண்டும். நல்லதுதான். தேர்தல் முடிந்தபின் கொடுக்கப்படுவதை அந்தப் படிவம் கேட்பதில்லை.

வாங்குபவருக்கு முக்கியமானது வேறு. அனுமதி ஐந்து மாடிக்கு, கட்டியது ஆறு என்று வையுங்கள். இணக்கச் சான்றிதழ் கிடைப்பது கஷ்டம். அது இல்லாமல் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க மாடி வீட்டு உரிமைச் சட்டத்தின் கீழ் வரைபடம் பதிய முடியாது. உங்கள் வீட்டுக்குத் தனி உறுதி வராது, வங்கியும் ஈடு பிடிக்காது. உறுப்பினரால் இடிப்பதைத் தாமதிக்கலாம், உறுதி எழுதித் தர முடியாது. கட்டியவரோ விற்றுவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விடுவார்.

நான் கேட்டு வருபவர்களுக்குச் சொல்வது: அனுமதித்த வரைபடத்தை வாங்கி, தெருவில் நின்று மாடிகளை எண்ணுங்கள். சான்றிதழ் வரும்வரை கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.