முதலையும் ஓலையும்: நெடுந்தொடர்கதையில் காதலும் குணவளர்ச்சியும்

படங்களோடு சிறு தொகுதிகளாகப் பல ஆண்டுகள் தொடர்ந்து வெளிவரும் ஜப்பானிய இளைஞர் புனைகதை, 'லைட் நாவல்' எனப்படுகிறது. இவ்வகையை எழுதுவோர்க்குக் கதைமாந்தரின் குணவளர்ச்சியையும் காதலையும் ஒருசேர நடத்திச் செல்வதே பெரும் சோதனை. காதலர் விரைவில் சேர்ந்துவிட்டால் வாசகரின் ஆவல் வடிந்துவிடுகிறது. சேராமல் இழுத்தடித்தாலோ, பாத்திரங்கள் நின்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. இசுனா ஹசெகுரா 2006இல் தொடங்கிய 'ஸ்பைஸ் அண்ட் உல்ஃப்' தொடர், ஊர் ஊராகச் செல்லும் வணிகன் லாரன்ஸையும் ஓநாய்த் தெய்வமான ஹோலோவையும் ஒரே வண்டியில் ஏற்றி, வணிகத்தில் வரும் லாபநட்டங்களின் ஊடாகவே அவர்களது அன்பை வளர்த்ததால் இச்சோதனையில் தேறியது.

தமிழில் இச்சோதனையை அரை நூற்றாண்டுக்கு முன்பே எதிர்கொண்டு வென்ற படைப்பு, 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை ஓவியர் மணியத்தின் சித்திரங்களோடு வெளிவந்து, பின்னர் ஐந்து பாகங்களாக நூலுருப் பெற்ற, எழுத்தாளர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' ஆகும். அதன் சோழநாட்டுக் களம் அனைவரும் அறிந்ததே. ஆனால் கதையை முன்னின்று நடத்தும் வந்தியத்தேவனின் வேர் சித்தூர், திருப்பதிப் பகுதியோடு பிணைந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவனைக் கல்கி வாணர் குலத்தவனாகப் படைத்தார். மகாபலியின் வழிவந்தோராகத் தம்மைக் கூறிக்கொண்ட வாணர்கள், பாலாற்றுக்கு வடக்கே விரிந்த பெரும்பாணப்பாடியை ஆண்ட சிற்றரசர்கள். ஏர்ப்பேடு அருகிலுள்ள குடிமல்லம் பரசுராமேசுவரர் கோயிலிலும், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் நீவா ஆற்றின் கரையிலுள்ள திருவல்லத்திலும் அவர்களுடைய கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதற் பராந்தக சோழன் அவர்களது ஆட்சியை ஒடுக்கினான்.

இந்த வரலாற்றுச் செய்தியே பாத்திரப் படைப்பின் அச்சாணியாகிறது. நாட்டை இழந்த குலத்தில் பிறந்தவன், அந்நாட்டை வென்ற குலத்திற்கே தூதனாகிறான். அக்குலத்தின் இளவரசி குந்தவையிடமே மனத்தையும் பறிகொடுக்கிறான். ஆகவே, இழந்த பெருமையை மீட்கும் தகுதியைத் தேடுவதும் அவளுக்கு ஏற்றவனாக உயர்வதும் அவனுக்கு இரு வேறு முயற்சிகள் அல்ல. நகரியின் தறியில் பாவும் ஊடையும் ஒரே துணியாவதுபோல, குணவளர்ச்சியும் காதலும் இங்கே ஒன்றையொன்று பற்றி நிற்கின்றன.

முதற் பாகத்தில் வரும் அரிசிலாற்றங்கரைக் காட்சியை இதற்குச் சான்றாக நெருங்கி நோக்கலாம். முதலையைக் கண்டு பெண்கள் அலறுவதைக் கேட்ட வந்தியத்தேவன், கணமும் தயங்காமல் வேலை எறிகிறான்; அதுவோ செத்த முதலையின் உடலில் பஞ்சடைத்து வைக்கப்பட்டது. பெண்கள் நகைக்க, அவன் நாணி நிற்கிறான். அங்கிருப்பவர்களுள் ஒருத்தி குந்தவை என்பதை அவன் இன்னும் அறியவில்லை. அவனது துணிவு, அவசரபுத்தி, பிறர் துயர் பொறாத இயல்பு, காதலின் முதல் தடுமாற்றம் ஆகிய அனைத்தும் ஒரே நிகழ்ச்சியில் வெளிப்படுவதால், காதலுக்கெனக் கதையைத் தனியே நிறுத்திவைக்க வேண்டிய தேவை ஆசிரியருக்கு எழவில்லை.

அடுத்து, தன் அண்ணன் ஆதித்த கரிகாலனின் ஓலையைப் பழையாறையில் வந்தியத்தேவனிடமிருந்து பெற்றுக்கொள்ளும் குந்தவை, தன் தம்பி அருள்மொழிக்கு ஓர் ஓலை தந்து வந்தியத்தேவனை இலங்கைக்கு அனுப்புகிறாள். நெடுந்தொடரில் காதலரைப் பிரித்துவைக்கப் பலர் வீண் ஐயங்களையும் தவறான புரிதல்களையும் நாட, கல்கி பொறுப்பைக் கொண்டு பிரிக்கிறார். அந்தப் பொறுப்பு வந்தியத்தேவனுக்கு நிதானத்தைக் கற்பிக்கிறது. அரசியல் காய்களை நகர்த்திப் பழகிய குந்தவைக்கோ, ஒரு தூதனின் உயிருக்காக அஞ்சும் மனத்தைத் தருகிறது.

குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்பதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே கூறுவதால், இக்காதலின் முடிவு வரலாறு அறிந்த வாசகருக்கு முன்பே தெரிந்தது. எனவே 'சேர்வார்களா' என்ற கேள்விக்கு இங்கே வலுவில்லை. 'எத்தகைய மனிதர்களாகச் சேர்வார்கள்' என்ற கேள்வியே பல நூறு பக்கங்களைத் தாங்குகிறது. கரிகாலன் கொலையுண்டபின் பழி சுமந்து பாதாளச் சிறையில் கிடக்கும் வந்தியத்தேவன், அரிசிலாற்றங்கரையில் வேலெறிந்த அவசரக்காரன் அல்லன். கைகூடாத காதலும் இங்கே வீணாவதில்லை: அவனை நேசிக்கும் மணிமேகலை அவனுக்காகத் தன்னையே அழித்துக்கொள்கிறாள்; அரண்மனை வாழ்வைக் கனவு கண்ட பூங்குழலி, சேந்தன் அமுதனின் எளிய அன்பை அறிந்து தெளிகிறாள்.

இவ்வளவு நுட்பமான கலை, இன்று சுருக்கப் பதிப்புகளாலும் தேர்வுக் குறிப்புகளாலும் வெறும் நிகழ்ச்சிப் பட்டியலாகக் குறைக்கப்படுவது வருந்தத்தக்கது; நிகழ்ச்சிகளைச் சுருக்கலாம், மனம் மாறுவதற்கு வேண்டிய காலத்தைச் சுருக்க இயலாது. மறுபுறம், கைப்பேசிச் செயலிகளில் நாள்தோறும் வெளியாகும் காதல் தொடர்கள் பலவற்றில் நாயகனும் நாயகியும் நூறாவது அத்தியாயத்திலும் முதல் அத்தியாயத்தில் இருந்தவாறே இருப்பது, எழுதுவோரின் திறனுக்கும் வாசிப்போரின் பொறுமைக்கும் இழைக்கப்படும் அநீதியாகும். தெலுங்கும் தமிழும் ஒருங்கே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் தொடர்கதை எழுத விழையும் இளைஞர்கள், குடிமல்லத்தையும் திருவல்லத்தையும் ஒருமுறை கண்டு, ஐந்து பாகங்களையும் முழுமையாகப் படித்து, தம் கதைமாந்தர் எதை இழந்தவர்கள் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு எழுதத் தொடங்குவார்களாக.