பனிமலையில் வியர்க்கக் கூடாது

உத்தராகண்ட் மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில், டேராடூனிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் மலைச்சாலையில் போனால் சாங்க்ரி என்ற சிற்றூர் வரும். கேதார்காந்தா சிகரத்துக்கு நடை தொடங்கும் இடம் அது. சிகரத்தின் உயரம் சுமார் 12,500 அடி. கயிறு பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. நடந்தே உச்சியைத் தொட்டுவிடலாம். அதனால்தான் குளிர்காலப் பனியில் முதன்முதலாக மலையேற நினைப்பவர்களுக்கு இந்தப் பாதையைப் பலரும் சொல்கிறார்கள். சென்னை, கோவையிலிருந்து கிளம்புகிறவர்களும் உண்டு.

கிளம்பும் முன் பெரும்பாலானோர் கேட்பது, எவ்வளவு தடிமனான ஜாக்கெட் வாங்குவது என்றுதான். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஏறும்போது வியர்க்காமல் இருப்பது எப்படி?

சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. முதுகில் சுமையோடு மேடேறும்போது அது நான்கைந்து மடங்காகிறது. தசைகள் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாக மாறும்; மிச்சமெல்லாம் வெப்பம். தடித்த ஜாக்கெட்டுக்குள் அந்த வெப்பம் அடைபட்டால், வெளியே உறைபனி இருந்தாலும் உள்ளே வியர்த்துக் கொட்டும். நடக்கும்வரை தெரியாது. மூச்சு வாங்க ஐந்து நிமிடம் நின்றதும் உடலின் வெப்ப உற்பத்தி சரிகிறது. உடம்போடு ஒட்டிய துணியோ ஈரமாக இருக்கிறது. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். போதாததற்கு, அந்த ஈரம் ஆவியாகும்போதும் உடலின் வெப்பத்தையே உறிஞ்சிக்கொண்டு போகும். உடலின் உள்வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் அது உடல்வெப்பக் குறைவு என்னும் ஆபத்து நிலை. நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் விரல்கள், மந்தமாகும் புத்தி என்று அது வளரும். மந்தமான புத்தியால் தனக்கு ஆபத்து என்பதை உணர முடியாது என்பதுதான் இதில் கொடுமை.

ஆகவே பருத்தி பனியனையும் ஜீன்ஸையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். நம் வெயிலுக்குப் பருத்தி அருமையான துணி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல உலர்ந்து உடம்பைக் குளிர்விக்கிறது. அந்தக் குணமே பனியில் ஆளைச் சாய்க்கும். தோலை ஒட்டி மெரினோ கம்பளியோ செயற்கை இழைத் தெர்மலோ போடுங்கள். கம்பளி இழை தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிய பிறகும் கதகதப்பைப் பெரிதும் இழப்பதில்லை. அதன் மேல் ஃப்ளீஸ், அதற்கும் மேல் காற்றும் பனியும் புகாத மெல்லிய மேலாடை. தடித்த ஜாக்கெட் பைக்குள் இருக்கட்டும்; நின்றவுடன், குளிர் ஏறுவதற்குள் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியது அது. நடக்கத் தொடங்கும்போது லேசாகக் குளிரினால்தான் அளவு சரி. சோம்பல்படாமல் கழற்றவும் மாட்டவும் பழகுவது, விலையுயர்ந்த எந்த ஜாக்கெட்டையும்விடப் பெரிய பாதுகாப்பு.

காற்று தனிக் கணக்கு. அமெரிக்கர்களான பால் சைப்பிளும் சார்லஸ் பாசெலும் அண்டார்க்டிகாவில் சிறு உருளைக்குள் தண்ணீர் ஊற்றிக் காற்றில் வைத்து, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். 1945-இல் அந்த முடிவுகள் வெளியாயின. இன்றைய காற்றுக்குளிர் கணக்குக்கு அதுதான் முன்னோடி. இப்போதைய சூத்திரப்படி மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 20 டிகிரி. சிகரத்துக்கு ஏறுவது பெரும்பாலும் விடியலுக்கு முன்பே தொடங்கும். மரங்கள் வளரும் எல்லையைத் தாண்டியதும் காற்றைத் தடுக்க எதுவுமில்லை. காதும் மூக்கும் விரல்களும் மூடியே இருக்க வேண்டும். காலுக்குக் கதகதப்பு என்று இரண்டு மூன்று காலுறைகளைத் திணித்து ஷூவை இறுக்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. இறுக்கினால் ரத்தம் போகாது. ரத்தம் போகாத விரல்தான் முதலில் உறையும். மரத்துப்போன விரலைப் பனியால் தேய்க்கச் சொல்லும் பழைய வைத்தியம் திசுக்களை இன்னும் கெடுக்கும்.

தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொல்வார்கள் வழிகாட்டிகள். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. அதற்கும் கீழே குளிர்ந்தது மேலே மிதந்து அங்கேதான் முதலில் உறையும். கவிழ்த்து வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் சேரும், மூடி அடைபடாது. குளிரில் தாகம் தெரியாது, சிறுநீர் மட்டும் அதிகம் பிரியும். தாகத்துக்குக் காத்திராமல் குடித்தாக வேண்டும். புதுப்பனி புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்புவதால், நல்ல கறுப்புக் கண்ணாடி இல்லாமல் போகவே கூடாது. சில மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மணல் போட்டதுபோல் எரியத் தொடங்கும்.

உடல் பயிற்சியை இரண்டு மாதம் முன்பே தொடங்கலாம். ஏறுவதற்கு மட்டும் பழகிக்கொண்டு போகிறவர்களுக்கு இறக்கத்தில் தொடைகள் கெஞ்சும். இறங்கும்போது தசை நீண்டபடியே சுமையைத் தாங்குவதால் அதன் இழைகள் அதிகம் காயப்படுகின்றன. முன்கூட்டியே சில முறை பழக்கினாலே இந்த வலி வெகுவாகக் குறையும். திருச்சி மலைக்கோட்டையோ பழநியோ பக்கத்தில் இருந்தால், பையில் சுமையோடு படியேறி, படியிலேயே இறங்கியும் வாருங்கள்.

ஆனால் எந்தப் பயிற்சியாலும் வெல்ல முடியாதது உயரம். 12,500 அடியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அவ்வளவே. சுமார் 8,000 அடிக்கு மேல் யாருக்கும் மலைநோய் வரலாம். மாரத்தான் ஓடுகிறவரையும் அது விடாது. தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ அசதியோ சேர்ந்தால் மேற்கொண்டு ஏறக் கூடாது. நேராக நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு திணறினாலோ இரவென்றும் பாராமல் கீழே இறக்க வேண்டும்.

மலை பருவம் பார்த்துப் பழிவாங்குவதில்லை. 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில், கோடைப்பருவத்திலேயே, இதே உத்தராகண்டில் சஹஸ்த்ர தால் ஏரிக்குச் சென்ற கர்நாடகக் குழுவில் 9 பேர் மோசமான வானிலையில் சிக்கி உயிரிழந்தார்கள். குளிர்காலத்தில் தப்பிக்கும் இடைவெளி இன்னும் சிறியது. உங்களை அழைத்துப் போகிறவர்களிடம் பணம் கட்டும் முன்பே கேளுங்கள்: எத்தனை மணிக்குள் உச்சியை எட்டாவிட்டால் திரும்புவீர்கள்? ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா? உடம்புக்கு முடியாதவரைக் கீழே கொண்டுவர யார் வருவார்கள்? தெளிவான பதில் வராவிட்டால் வேறு குழுவைத் தேடுங்கள். விடுப்பு எடுத்து, டிக்கெட் போட்டு, பணம் கட்டி வந்துவிட்டோமே என்று கூடாரத்தில் தலைவலியை மறைத்துக்கொண்டு படுக்காதீர்கள். வழிகாட்டியிடம் அன்றிரவே சொல்லிவிடுங்கள்.