மூன்று உருப்படிகள் போதுமா?

இரணைமடுக் குளத்தின்கீழ் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரிடம் சென்று, ஒரே நிலத்தில் ஓயாமல் ஒரே பயிரைச் செய்தால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அவர் நகைப்பார். காலபோகத்தில் நெல் விளைந்த நிலத்தில் உழுந்தோ பயறோ விதைத்தால் மண் மீண்டும் வளம் பெறும் என்பது அவர் ஏட்டில் படித்து அறிந்ததன்று. தந்தை வழி வந்த அறிவு. கமத்தொழிலில் நாம் மறவாத இவ்வுண்மையை, நம் பிள்ளைகளுக்கு மேனாட்டுச் சங்கீதம் பயிற்றும்போது மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

வன்னியில் பியானோ உள்ள இல்லங்கள் மிகச் சில. ஆயினும் கீபோட் எனப்படும் மின்னிசைக் கருவி இன்று தேவாலயத்திலும் பாடசாலையிலும் சில வீடுகளிலும் இடம்பெற்றிருக்கிறது. அதில் விரல் பழகும் பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிச் சான்றிதழ் பெறுவிக்க வேண்டும் என்ற ஆவல் பெற்றோருக்கு எழுவது இயல்பே. போரினால் உடைமையெல்லாம் இழந்து, 2009ஆம் ஆண்டின் பின்னர் மீண்டும் குடியேறி வாழ்வைக் கட்டியெழுப்பிய குடும்பங்கள் இவை. பிள்ளைக்கென்று செலவிடும் ஒவ்வொரு ரூபாயும் பயன் தர வேண்டுமென அவை எண்ணுவதில் தவறில்லை. ஆனால், எது பயன் என்பதே கேள்வி.

பரீட்சையின் கணக்கு

லண்டனில் 1889ஆம் ஆண்டு தோன்றிய றோயல் இசைக் கல்லூரிகளின் கூட்டுச் சபை நடத்தும் பரீட்சைகள் உலகின் பல நாடுகளிலும் நடைபெறுகின்றன. பியானோவுக்கு எட்டு வகுப்புக்கள் உண்டு. நெடுங்கால வழக்கப்படி, ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று பட்டியல்களிலிருந்து ஒவ்வோர் உருப்படியாக மூன்றினை வாசிக்க வேண்டும். பல்வகை உருப்படிகளைப் பிள்ளை பழக வேண்டும் என்பதற்காகவே பட்டியல்களை மூன்றாக வகுத்தார்கள். நாம் செய்வது என்ன? ஆண்டு முழுவதும் அம்மூன்றையே திரும்பத் திரும்ப அடித்துப் பழக்குகிறோம். எட்டு வகுப்பும் ஏறி முடித்த மாணவன் வாசித்தவை மொத்தம் 24 உருப்படிகளே! இருபத்து நான்கு கீர்த்தனைகள் மாத்திரம் பாடம் செய்த ஒருவரை நாம் வித்துவான் என்போமா?

இதனால் வரும் கேடு எண்ணிக்கையோடு நிற்பதில்லை. மூன்றினையே மனனம் செய்த பிள்ளை, புதிய சுரத்தாள் ஒன்றைக் கண்டதும் திகைத்து நிற்கிறது. வாசிக்கும் பழக்கம் வாசிப்பதனாலேயே வரும். ஆண்டுக்கு மூன்று பக்கங்கள் மட்டுமே படித்த பிள்ளை தமிழை எவ்வாறு சரளமாகப் படிக்கும்? அதுபோலத்தான் இதுவும். பரீட்சை முடிந்ததும் கருவியைத் துணியால் மூடிவிடுகிற பிள்ளைகள் பலர். அவர்களிடம் ஆர்வம் இல்லாமற் போகவில்லை. அடுத்து என்ன வாசிப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை.

காலத்துக்கொரு பாடம்

பியானோ என்னும் கருவி 1700ஆம் ஆண்டளவில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் கிறிஸ்தோபோரி என்பவரால் ஆக்கப்பட்டது. அதற்கு முந்திய விசைக்கருவிகளுக்கும் பிந்திய பியானோவுக்கும் எழுந்த உருப்படிகளை நோக்கினால், ஒவ்வொரு காலமும் கைக்கும் செவிக்கும் வெவ்வேறு பாடத்தைப் புகட்டுவது தெளிவாகும்.

ஜேர்மனியில் வாழ்ந்த பாஹ் 1723இல் இன்வென்ஷன் என்ற பெயரால் தொகுத்த பதினைந்து சிறு உருப்படிகள், இரு கைகளும் இரு பாடகர் போலத் தனித்தனி மெட்டுகளைப் பாடுமாறு அமைந்தவை. இடக்கை வலக்கையின் ஏவலாள் அன்று என்பதை அவைபோல் உணர்த்துவன வேறில்லை. ஒஸ்திரியாவின் மோசார்ட் 1788இல் தொடக்க மாணவருக்கென்றே ஒரு சொனாட்டாவை இயற்றினார். அதில் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஒரு சுரம் தவறினாலும் கேட்பவர் செவியில் விழும். தெளிவும் அளவும் அங்கே பாடம்.

போலந்து நாட்டுச் சோப்பின் உருப்படிகளில் வலக்கை மனிதக் குரல்போல் உருகுகிறது. இடக்கை கீழே அலையெழுப்புகிறது. காலால் மிதிக்கும் பெடல் ஓசைகளை இணைக்கிறது. பிரான்ஸ் நாட்டு டெபுஸ்ஸி 1889இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவா நாட்டுக் கமலான் இசையைக் கேட்டு வியந்தவர். அவருடைய உருப்படிகள் ஓசையின் நிறத்தைக் கற்பிக்கின்றன. ஹங்கேரியின் பார்ட்டோக் தம் நாட்டுக் கிராமியப் பாடல்களைத் தேடித் திரட்டியவர். அவர் 1926க்கும் 1939க்கும் இடையில் எழுதிய மைக்ரோகொஸ்மொஸ் என்னும் ஆறு பாகங்களில் 153 உருப்படிகள் எளிமையிலிருந்து கடுமைக்குப் படிப்படியாக ஏறுகின்றன. ஐந்தும் ஏழுமாக எண்ணும் தாளங்கள் அவற்றில் வரும். கண்ட நடையும் மிசிர நடையும் கேட்டு வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு அவை அந்நியமாகா.

இவர்களுள் ஒருவரை மட்டும் பயின்றவனுக்கு மற்றையோர் கற்பிக்கும் பாடங்கள் கிட்டாமற் போகும்.

வீட்டுக்கென எழுந்தவை

பாஹ் தம் மனைவி அன்னா மக்தலேனாவுக்கு 1725இல் அளித்த இசைக் குறிப்பேட்டில் அவருடைய உருப்படிகள் மட்டுமா இருந்தன? பிறர் இயற்றியவையும் இருந்தன. பாஹ் எழுதியதென நெடுங்காலம் எல்லோரும் நம்பிய ஒரு மினுவெட், பெட்ஸோல்ட் என்பவர் இயற்றியது என்று பின்னர் தெரியவந்தது. பேராசான் வீட்டிலேயே பிறர் இசைக்கும் இடமிருந்தது!

ஷூமான் 1848இல் தம் மூத்த மகளின் ஏழாம் பிறந்தநாளை ஒட்டி எழுதத் தொடங்கிய இளைஞர் தொகுப்பில் 43 உருப்படிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று, வேலை முடித்து மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் கமக்காரனைப் பற்றியது. அதில் மெட்டினை முதலில் எடுத்துச் செல்வது இடக்கை. இரணைமடுப் பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான பாடம் வேறென்ன வேண்டும்? ருஷ்யாவின் சைகோவ்ஸ்கியும் 1878இல் சிறுவருக்கென 24 உருப்படிகள் எழுதினார்.

நம்மவர் காட்டிய வழி

கர்நாடக சங்கீதம் பயிலும் பிள்ளை சரளி வரிசையில் தொடங்கி, ஜண்டை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஏறுகிறது. தியாகராஜரைப் பாடுகிறவர் தீட்சிதரையும் சியாமா சாஸ்திரியையும் பாடாமல் விடுவதில்லை. முத்துசுவாமி தீட்சிதரோ ஒரு படி மேலே சென்றார். ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியக் குழுவினர் வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, சங்கராபரணத்தில் நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார். மேனாட்டார் மேஜர் என வழங்கும் சுரவரிசை நம் சங்கராபரணத்தோடு ஒத்தது என்பதை அவர் செவி கண்டுகொண்டது. ஹார்மோனிக் மைனர் என்னும் வரிசை கீரவாணியோடு ஒத்தது. இவற்றைச் சுட்டிக் காட்டினால், நம் பிள்ளைக்கு மேனாட்டு இசை பாதி தெரிந்த பாதையாகிவிடும். கமகத்தை மட்டும் பியானோவிலே தேடலாகாது.

அண்மைக்காலச் சான்றும் உண்டு. பண்ணைப்புரம் என்ற சிற்றூரிற் பிறந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை பயின்றார். 1986இல் தாம் வெளியிட்ட இசைத்தொகுப்பு ஒன்றைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கினார். 2025 மார்ச் மாதத்தில் அவருடைய சிம்பொனி லண்டனில் அரங்கேறியது.

தேர்வது எப்படி?

“பலவற்றைத் தொட்டு ஒன்றையும் முற்றாக அறியாமற் போவது நல்லதா?” என்று சில ஆசிரியர்கள் வினவுவர். நியாயமான வினாவே. பரீட்சை உருப்படிகளை ஆழமாகப் பயில வேண்டும். அதில் தளர்வு கூடாது. அவற்றோடு மாதம் ஒன்றாக, இரண்டு வகுப்புக் குறைந்த எளிய உருப்படி ஒன்றைச் சேர்த்தாற் போதும். அதை அரங்கேற்றம் போலத் தீட்ட வேண்டியதில்லை. இரண்டு மூன்று வாரத்தில் வாசித்து மகிழ்ந்து அடுத்ததற்குச் செல்லலாம். இம்மாதம் பாஹ் என்றால் அடுத்த மாதம் ஷூமான், அதன்பின் பார்ட்டோக். விரைவானதன் பின் மெதுவானதும், மகிழ்வானதன் பின் துயரமானதும் வரட்டும். எட்டு ஆண்டுகளில் இருபத்து நான்கு நூற்றுக்கு மேலாகிவிடும்.

பீத்தோவன் 1810இல் எழுதிய எலிஸுக்கான உருப்படியின் முதற் பகுதியை மட்டும் வாசித்து நிறுத்துவோர் எத்தனை பேர்! அதற்குள் வேறு இரு பகுதிகள் இருப்பதையே பலர் அறியார். எடுத்த சிற்றுருப்படியை இறுதிவரை வாசிப்பதும் நல்ல பழக்கமே.

பணமும் பெருந்தடையன்று. இவ்வாசிரியர்களிற் பெரும்பாலோரின் பழைய பதிப்புக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பியானோவுக்குக் கட்டைகள் 88. வீட்டுக் கீபோட்டில் வழக்கமாக 61. ஆயினும் தொடக்க உருப்படிகளிற் பல அதற்குள் அடங்கும். அழுத்தத்திற்கேற்ப ஓசை கூடிக் குறையும் கருவியாகப் பார்த்து வாங்குவது மட்டும் அவசியம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பெற்ற புள்ளி எத்தனை என்று கேட்பதோடு, இம்மாதம் புதிதாக என்ன வாசித்தாய் என்றும் கேளுங்கள். மாணவர்களே, பரீட்சை மண்டபத்துக்கு வெளியேயும் சங்கீதம் உண்டு என்பதை உங்கள் விரல்கள் அறியட்டும். சான்றிதழ் சுவரில் தொங்கும். கற்ற உருப்படிகளோ வாழ்நாள் முழுவதும் உங்களோடு வரும்.