நல்லவர்கள் அடித்த அடி

‘பிராங்கன்ஸ்டைன்’ என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது தட்டையான தலை, கழுத்தில் இரும்பு ஆணி, வாயைத் திறந்தால் உறுமல். ஜேம்ஸ் வேல் இயக்கத்தில் போரிஸ் கார்லாஃப் நடித்து 1931இல் வந்த ஹாலிவுட் படம் மனதில் பதித்துவிட்டுப் போன உருவம் அது. 1818இல் லண்டனில் வெளியான மேரி ஷெல்லியின் நாவலில் இருப்பவன் வேறு ஆள். அவன் பேசுகிறான். அந்தக் கதையில் அவனளவுக்கு நெஞ்சைத் தொடும்படி பேசுகிறவர்கள் வேறு யாருமில்லை என்பேன்.

பிராங்கன்ஸ்டைன் என்பது அவனை உருவாக்கிய விக்டர் என்ற மாணவனின் குடும்பப் பெயர். உருவாக்கப்பட்டவனுக்குக் கடைசிவரை பெயரே கிடையாது. கண் திறந்த இரவிலேயே, முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் விக்டர் ஓடிவிடுகிறான். எட்டடி உடம்பும் பச்சைக் குழந்தையின் அறிவுமாக ஒருவன் தன்னந்தனியே காட்டுக்குள் அலைகிறான்.

நாவலின் நடுப்பகுதியை அவனே சொல்கிறான். அங்கேதான் நான் அவன் பக்கம் சாய்ந்தேன். ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, மரச்சுவரின் இடுக்கு வழியே உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்க்கிறான். பார்வையற்ற முதியவர் டி லேசி, மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. முதலில் அவர்களுடைய உணவை இரவில் திருடித் தின்கிறான். அவர்களே அரைப்பட்டினி என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் காட்டுப் பழங்களையும் கிழங்குகளையும் தின்று பசியாறுகிறான். யாருக்கும் தெரியாமல் விறகு வெட்டி வாசலில் போடுகிறான். பனி மூடிய பாதையைத் துப்புரவாக்குகிறான். அவர்கள் பேசுவதைக் கேட்டே பேசக் கற்கிறான், பிறகு படிக்கவும்.

ஒருநாள் முதியவர் தனியே இருக்கும் நேரம் பார்த்துக் கதவைத் தட்டுகிறான். முகம் தெரியாத அவர் உட்காரச் சொல்கிறார், பரிவோடு கேட்கிறார். அதற்குள் பிள்ளைகள் திரும்பிவிடுகிறார்கள். அகதா மயங்கி விழுகிறாள். ஃபெலிக்ஸ் அவனைக் கீழே தள்ளித் தடியால் அடிக்கிறான். நினைத்தால் ஃபெலிக்ஸைக் கிழித்துப் போட்டிருக்கலாம். அவன் திருப்பி அடிக்கவில்லை.

அடித்தது யார் என்பதுதான் என்னை உலுக்கியது. பாரிஸில் அநியாயமாக மரண தண்டனை பெற்ற ஒரு துருக்கியரைச் சிறையிலிருந்து தப்புவிக்க உதவி, அதற்காகச் சொத்தையும் நாட்டையும் இழந்த குடும்பம் அது. முன்பின் தெரியாத அயலானுக்காக எல்லாவற்றையும் பறிகொடுத்த அதே ஃபெலிக்ஸ்தான் தடியை எடுக்கிறான். விலக்கி வைப்பது கொடியவர்களின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மேரி ஷெல்லி அந்த ஆறுதலை நமக்கு விட்டுவைக்கவில்லை.

பிறகு அந்தப் பெயரில்லாதவன் கொலைகாரன் ஆகிறான். விக்டரின் சின்னத் தம்பி சாகிறான். அந்தப் பழியில் ஒரு அப்பாவிப் பெண் தூக்கிலேற்றப்படுகிறாள். இதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். நாவலும் வாங்கவில்லை. ஆனால் தீர்ப்புக்கு முன் அவன் தரப்பைக் கேட்கவைக்கிறது.

1816இல் ஜெனீவா ஏரிக்கரையில் இதை எழுதத் தொடங்கியபோது மேரிக்கு வயது 18. அவரைப் பெற்ற சில நாட்களில் தாய் இறந்துவிட்டார். மணமான கவிஞர் ஷெல்லியோடு வீட்டைவிட்டுப் போனதால் தந்தை முகம் கொடுத்துப் பேசவில்லை. முதல் குழந்தை 1815இல் இறந்தது. ஒதுக்கப்படுவது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

தெருமுனையில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நிற்பவர், அடுக்ககத்தில் யாரோடும் ஒட்டாத எதிர்வீட்டுக்காரர். ‘ஒரு மாதிரி ஆளு’ என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோம். இந்த நாவலைப் படித்தபின் எனக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. அவருக்கு என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன், அவர் எத்தனை கதவுகளைத் தட்டிப் பார்த்தாரோ என்று தோன்றுகிறது.

படத்தைப் பார்த்திருந்தாலும் புத்தகத்தைப் படியுங்கள். முழுவதும் படிக்க நேரமில்லையென்றால், இன்று பரவலாகக் கிடைக்கும் 1831ஆம் ஆண்டுப் பதிப்பில் 11 முதல் 16 வரையிலான அத்தியாயங்களையாவது படியுங்கள். அவன் பேசுவது அங்கேதான்.