ஓசோன் கருவி வீட்டுக் காற்றைத் தூய்மையாக்குமா?

சில மாதங்களுக்கு முன்பு, மாட்டுத்தாவணிக்கு அருகில் வசிக்கும் ஒரு குடும்பத்தினர், ஆஸ்துமா உள்ள தங்கள் 9 வயது மகளை எங்கள் நுரையீரல் நலப் பிரிவுக்கு அழைத்து வந்தனர். இரண்டு ஆண்டுகளாகக் கட்டுக்குள் இருந்த இளைப்பு, மூன்று வாரங்களாக இரவு நேரங்களில் அதிகரித்திருந்தது. மருந்து தவறவில்லை, இன்ஹேலர் எடுக்கும் முறையிலும் பிழையில்லை. வீட்டில் புதிதாக ஏதேனும் வாங்கினீர்களா என்று கேட்டோம். பேருந்துப் புகையிலிருந்து குழந்தையைக் காப்பதற்காகக் காற்றைச் சுத்தம் செய்யும் கருவி ஒன்றை வாங்கியிருப்பதாகத் தந்தை கூறினார். நாள்தோறும் மாலையில் படுக்கையறையை அடைத்து, ஒரு மணி நேரம் அதனை இயக்கி, சன்னலைத் திறக்காமலேயே குழந்தையை அங்கு உறங்க வைத்திருக்கிறார்கள். அறையில் எழுந்த காரமான வாடையைத் தூய்மையின் அடையாளம் என்று அவர்கள் எண்ணினார்கள். கருவியின் பெட்டியில் ‘மணிக்கு 400 மில்லிகிராம் ஓசோன்’ என்று அச்சிடப்பட்டிருந்தது. கருவியை நிறுத்திய சில நாட்களில் குழந்தை இரவில் இருமலின்றி உறங்கினாள்.

குழந்தையின் நலம் கருதி வாங்கிய பொருளே அவளுக்குத் தீங்காக முடிந்தது. இத்தகைய கருவிகள் வேறு பல வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இதனை விரிவாக எழுதுகிறோம்.

ஓசோன் என்பது யாது?

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் உள்ளன, ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு நிலையாகத் தங்காது. எதிர்ப்படும் பொருளுடன் விரைந்து வினைபுரியும். இடி மின்னலுக்குப் பின் காற்றில் எழும் தனித்த வாடை ஓசோனுடையது. 1840-ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய வேதியியலாளர் ஷோன்பைன் இதற்குப் பெயரிட்டபோது, ‘மணத்தல்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லையே எடுத்துக்கொண்டார். 

நமக்கு அண்மையிலுள்ள கொடைக்கானல் வானாய்வகத்தில் பல ஆண்டுகளாக அளக்கப்பட்டு வந்த ஓசோன், வானில் மிக உயரத்தில் இருப்பது. அது கதிரவனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்து உயிர்களைக் காக்கிறது. குடிநீர் ஆலைகளிலும் ஓசோன் பயன்படுகிறது. ஆனால் அந்த நீர் நம்மை வந்தடைவதற்குள் அது சிதைந்து ஆக்சிஜனாகிவிடுகிறது. இவ்விரு நற்பெயர்களே ‘ஓசோன் நல்லது’ என்ற எண்ணத்தை மக்களிடம் வளர்த்துள்ளன. வானில் காப்பாக இருக்கும் அதே வாயு, மூக்கருகே வரும்போது நஞ்சாகிறது.

நுரையீரலில் நிகழ்வது

கிருமியின் மேலுறையைச் சிதைக்கும் ஓசோன், மூச்சுக்குழாயின் உட்படலத்தை மட்டும் விட்டுவைப்பதில்லை. அப்படலத்தில் எரிச்சலும் வீக்கமும் உண்டாகின்றன. தொண்டைக் கரகரப்பு, வறட்டு இருமல், ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது நெஞ்சில் வலி, இளைப்பு ஆகியவை தோன்றும். ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தூசி முதலிய ஒவ்வாமைப் பொருள்கள் முன்பைவிட எளிதில் இளைப்பைத் தூண்டுகின்றன. குழந்தைகள், முதியோர், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் ஆகியோருக்குப் பாதிப்பு மிகுதி. சில மணி நேரம் கழித்தும் தொல்லை தோன்றலாம் என்பதால் காரணத்தை அடையாளம் காண்பது கடினமாகிறது.

வாடையை நம்பியும் இருக்க இயலாது. சிறிது நேரத்தில் மூக்கு அவ்வாடைக்குப் பழகிவிடும். வாயுவோ அறையில் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரு சிறு கணக்கு

இந்தியாவில் 2009-இல் வகுக்கப்பட்ட வெளிக்காற்றுத் தர அளவின்படி, 8 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் ஓசோன் 100 மைக்ரோகிராமைத் தாண்டலாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 8 மணி நேர வழிகாட்டு அளவும் அதுவே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், உள்ளறைகளில் பயன்படும் மருத்துவக் கருவிகளுக்கு ஏறத்தாழ இதற்கு இணையான வரம்பையே விதித்துள்ளது. கலிபோர்னியா மாநிலம் 2010 முதல் வீட்டுக் காற்றுத் தூய்மைக் கருவிகளுக்கும் அவ்வரம்பைக் கட்டாயமாக்கியது.

இப்போது 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரமுள்ள ஓர் அறையை எண்ணிப் பாருங்கள். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 34 கன மீட்டர். அந்த அறைக் காற்று முழுவதும் வரம்பை எட்டுவதற்கு 3.4 மில்லிகிராம் ஓசோன் போதும். மணிக்கு 400 மில்லிகிராம் வெளியிடும் கருவி அந்த அளவை ஏறத்தாழ அரை நிமிடத்தில் வெளியிட்டுவிடும். சுவரிலும் துணியிலும் பட்டு ஓசோனின் ஒரு பகுதி சிதைவது உண்மையே. ஆயினும் அடைத்த அறையில் கருவி தொடர்ந்து இயங்கினால், வரம்பு பல மடங்கு மீறப்படும்.

குறைந்த அளவில் வெளியிட்டால் தீங்கில்லையே என்று சிலர் வினவுகின்றனர். அந்த அளவில் அதனால் பயனும் இல்லை. உடலுக்குத் தீங்கு செய்யாத அளவில் ஓசோன் காற்றின் மாசுகளையோ கிருமிகளையோ போதிய அளவு நீக்குவதில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தெளிவாகக் கூறுகிறது. கிருமியைக் கொல்லும் அளவு, மனிதர் சுவாசிக்கத் தகாத அளவு. அதைக்கொண்டு காற்றைத் தூய்மையாக்க முயல்வது, கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கியது போலாகும்.

மேலும், ஓசோன் தூசியையும் புகைத் துகளையும் அகற்றாது. கார்பன் மோனாக்சைடையும் நீக்காது. எலுமிச்சை மணமுள்ள தரை துடைக்கும் திரவம், அறை நறுமணத் தெளிப்பான் முதலியவற்றின் ஆவியோடு அது வினைபுரிந்து, பார்மால்டிஹைடு என்னும் நச்சு வாயுவையும் நுண்துகள்களையும் புதிதாக உண்டாக்குகிறது.

கொரோனா காலம் தந்த பாடம்

2020 ஏப்ரலில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையின் வாயிலில், மக்கள் மீது கிருமிநாசினியைத் தெளிக்கும் சுரங்கம் அமைக்கப்பட்டது. பிற ஊர்களும் அதனைப் பின்பற்றின. அதே மாதத்திலேயே தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் மத்திய சுகாதார அமைச்சகமும் அம்முறையைக் கைவிடுமாறு அறிவுறுத்தின. 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றமும், மனிதர் மீது கிருமிநாசினி தெளிப்பதையும் புற ஊதாக் கதிர் பாய்ச்சுவதையும் குறித்து உரிய ஆணைகள் பிறப்பிக்குமாறு மத்திய அரசைப் பணித்தது. பொருளின் மேற்பரப்பைத் தூய்மையாக்கும் ஒன்று, மனித உடலுக்கும் ஏற்றதாகிவிடாது. ஓசோனுக்கும் இதுவே பொருந்தும். ஆளில்லாத, மூடிய கலன்களில் பயிற்சி பெற்றோர் அதனைப் பயன்படுத்துவது வேறு. மக்கள் வாழும் அறையில் இயக்குவது வேறு.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. வீட்டிலுள்ள கருவியின் பெட்டியையும் கையேட்டையும் படியுங்கள். ‘ஓசோன்’ என்ற சொல் இல்லாவிடினும், ‘ஆக்டிவ் ஆக்சிஜன்’, ‘மூவணு ஆக்சிஜன்’ போன்ற சொற்கள் ஓசோனையே குறிக்கக்கூடும். அத்தகைய கருவியை மக்கள் இருக்கும் அறையில் இயக்காதீர்கள். ‘அயனி’ வெளியிடும் கருவிகளும் சிறிதளவு ஓசோனை உண்டாக்கலாம்.

2. காற்றுத் தூய்மைக் கருவி தேவையெனில், ஹெப்பா வடிகட்டி மட்டும் உள்ளதை, அறையின் அளவுக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். அது துகள்களைப் பிடித்து வைக்கிறது. காற்றில் எதனையும் கலப்பதில்லை. வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுங்கள்.

3. வாடகைக் கார், விடுதி அறை முதலியவற்றில் வாடை போக்க ஓசோன் பயன்படுத்தியிருந்தால், கதவு, சன்னல்களை நெடுநேரம் திறந்து வைத்து வாடை முற்றும் நீங்கிய பிறகே உள்ளே செல்லுங்கள்.

4. மாசின் மூலத்தைக் குறையுங்கள். கொசுவர்த்திச் சுருளுக்கு மாற்றாகக் கொசுவலை, நோயாளியின் அறையில் ஊதுபத்தியும் சாம்பிராணியும் தவிர்த்தல், ஈரத்துணியால் தரை துடைத்தல், சமையலறையில் புகைபோக்கி விசிறி ஆகியவை செலவு குறைந்த, பயன் மிகுந்த வழிகள். சாலையோர வீடுகளில், போக்குவரத்து குறைந்த நேரத்தில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் ஏற்படுத்துங்கள்.

5. கருவி இயங்கும் அறையில் இருமலோ இளைப்போ தோன்றினால், நோயாளியை உடனே வெளியே அழைத்து வாருங்கள். கருவியை நிறுத்திச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். மருத்துவர் பரிந்துரைத்த நிவாரண இன்ஹேலரைக் கொடுங்கள். ஒரு வாக்கியத்தை முழுமையாகப் பேச இயலாமை, உதடு நீலம் பாய்தல், இன்ஹேலர் எடுத்தும் தணியாத மூச்சுத்திணறல் ஆகியவை இருந்தால் தாமதியாமல் 108-ஐ அழையுங்கள்.

உங்கள் வீட்டுக் கருவி எவ்வகையைச் சேர்ந்தது என்ற ஐயம் இருப்பின், அதன் பெயர்ச்சீட்டைக் கைபேசியில் படமெடுத்து அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டுங்கள். மருந்துச் சீட்டைப் பார்ப்பதைப் போலவே அதனையும் கவனமாகப் பார்த்துக் கூறுவோம்.